அவர் உயரத்தில் நின்ற வண்டி

என் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். நர்ஸ் படிப்பில் சேர்ந்த அன்று சுவரோரம் நிறுத்தி அளந்து எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அது கூடவும் இல்லை, கூடும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. கட்டிலில் கிடப்பவர்களுக்கு ஊசி போடுவதற்கென்று எனக்கு மட்டும் ஒரு மரப்பலகை இருந்தது. வார்டுக்கு வார்டு அதைத் தூக்கிக்கொண்டு அலைவேன்.

என் வீட்டுக்காரர் ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். காப்பித் தட்டோடு நான் வந்து நின்றதும் என்னை மேலிருந்து கீழ்வரை பார்ப்பதற்கு அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் என்னைக் கூப்பிட்டதெல்லாம் "அரைப்படி" என்றுதான். கோபம் வந்தால் மட்டும் "ஏம்புள்ள" என்பார். எனக்கு எப்போதும் கோபம் வரும், அவருக்கு அபூர்வமாக வரும். குடும்பம் அப்படித்தான் ஓடியது.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை நாற்சந்தியிலிருந்து கீழே இறங்கும் சந்தில் எங்கள் வீடு. அவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் பெயர் எழுதுவது, காப்பிப் பழம் நிறுப்பது, துரைமார் காலத்திலிருந்து வந்த நோட்டுகளில் புதிய நோட்டைச் சேர்ப்பது. நான் மிஷன் டிஸ்பென்சரியில் நர்ஸ். வாரத்தில் மூன்று நாள் டிஸ்பென்சரி, மற்ற நாட்களில் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய்ப் பிள்ளைப்பேறு பார்க்க வேண்டும், குழந்தைகளுக்கு ஊசி போட வேண்டும். டிஸ்பென்சரிக்கு ஜீப் கிடையாது. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதனால் அவர்தான் என்னைப் பின்னால் உட்கார வைத்து, பேறுகாலப் பையை என் மடியில் வைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பிறகு எஸ்டேட்டுக்குப் போவார்.

வண்டி ஒரு பச்சை நிறப் புல்லட். என்னைக் கட்டிக்கொள்வதற்கு ஒரு வருஷம் முன்பே அதைக் கட்டிக்கொண்டுவிட்டார். மூத்தவள் என்ற மரியாதையை நானும் அதற்குக் கொடுத்துத்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் எஸ்டேட்டில் காப்பி காயப்போடும் களத்துக்குக் கூட்டிப்போய் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் முன்னால், அவர் பின்னால். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஒரு மாதத்தில் நன்றாகவே ஓட்டினேன். ஒரே ஒரு சங்கடம், நின்றால் என் கால் தரையைத் தொடாது. பெருவிரல் நுனிகூடத் தொடாது. வண்டி வேகம் குறைந்து சாயப்போகும் நேரத்தில் பின்னாலிருந்து அவருடைய நீளக் கால்கள் இரண்டு பக்கமும் இறங்கும். அவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்: "எங்கூட்டு அரைப்படிக்கு ஓட்டத் தெரியுமுங்க, நிறுத்தத்தான் தெரியாது."

எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், மழை தொடங்கும் முன்பு, எஸ்டேட்டில் நிழல் மரங்களின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். மேலே இருந்தவன் குரல் கொடுத்துத்தான் கிளையைத் தள்ளினான். இவர் ஆட்களை விலகச் சொல்லி விரட்டிவிட்டு, கடைசியாகத் தான் விலகத் திரும்பியிருக்கிறார். கிளை முதுகில் விழுந்தது. நினைவு தப்பவில்லை. லாரியில் பலகை போட்டுப் படுக்க வைத்துக் கீழே கொண்டுபோகும்போது என்னைப் பார்த்து, "காலக் காணம்புள்ள. எடுத்து வெச்சாங்களான்னு பாரு" என்றார். டிரைவர் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். நர்ஸ் என்பதால் எனக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது, ஆனாலும் சிரித்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பத்தாம் நாள் டாக்டர் என்னையும் அவருடைய அண்ணனையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "இடுப்புக்குக் கீழ இனி வராதும்மா. நீங்க நர்ஸு, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நீங்களே பாத்துக்கோங்க" என்றார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு என்ன நோய் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மாமனுக்குத் தெரியும், மச்சானுக்குத் தெரியும், எதிர்வீட்டில் பால் ஊற்றுகிறவருக்குத் தெரியும், போதகருக்குத் தெரிந்து ஜெபத்திலும் சுற்றி வளைத்து வந்துவிடும். படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. டிஸ்பென்சரியில் நானே எத்தனை குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்: "அவருகிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க, மனசு உட்ருவாரு." அது இரக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "மூணே மாசம்டா. நீ எந்திரிச்சு நடந்துருவேன்னு டாக்டரு அடிச்சுச் சொல்லிட்டாரு" என்றார். நான் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று தலையை ஆட்டினேன்.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. அண்ணனும் அண்ணியும் மாறி மாறிக் காவல் இருந்தார்கள். நான் வாரக் கடைசியில் இறங்கிப் போவேன், திங்கட்கிழமை மலையேறி வேலைக்கு வருவேன். ஊர்களுக்குப் போகும் வேலை தேங்கிப்போனது. பஸ்ஸை நம்பினால் ஒரு நாளைக்கு ஒரு ஊர்தான். காலையில் வலி கண்டால் நான் போய்ச் சேரும்போது பிள்ளைக்குக் குளிப்பாட்டி முடித்திருப்பார்கள். சின்ன வண்டி ஏதாவது வாங்கலாம் என்றால் அந்தக் காலத்து மொபெட் அந்த ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போகத்தான் லாயக்கு. வீட்டில் தகரக் கொட்டகையில் புல்லட் சும்மா நின்றது.

ஒரு நாள் ஒண்டிக்கடை மெக்கானிக்கிடம் போய்க் கேட்டேன். நல்ல மனுஷர், என் வீட்டுக்காரரின் சிநேகிதர். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "ஏனுங்க நர்சம்மா, வண்டிய உங்களுக்கு ஏத்த மாதிரி பண்றதா, உங்கள வண்டிக்கு ஏத்த மாதிரி பண்றதா, எது சுலபம்னு யோசிக்கறனுங்க" என்றார். பிறகு வேலையைத் தொடங்கினார்.

சீட்டு உறையைப் பிரித்து உள்ளே இருந்த நுரையை ரம்பத் தகட்டால் சீவினார். சீட்டு பலகை மாதிரி ஆகிவிட்டது. பின்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றி, வேறு ஏதோ பழைய வண்டியிலிருந்து குட்டையானவற்றை எடுத்து மாட்டினார். முன்பக்கம் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். கைப்பிடியை என் பக்கம் வளைத்தார். எல்லாம் முடிந்து சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் வண்டி சாயாமல் விறைத்து நின்றது. தொட்டவுடன் மறுபக்கம் விழுந்தது. வண்டி தாழ்ந்தது, ஸ்டாண்டு தாழவில்லை. பிறகு இரண்டு ஸ்டாண்டையும் ஒன்றரை அங்குலம் வெட்டி மறுபடி பற்ற வைத்தார். கழற்றிய சாமான்களையும் சீவிய நுரையையும் ஒரு சாக்கில் போட்டுப் பரணில் வைத்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட்டன. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை. வீட்டுக்காரர் கீழே ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், நான் இங்கே கால் எட்டியதற்குப் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

கிளப்புவதற்கு ஒரு தனி வித்தை உண்டு. கைப்பிடியருகே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதை அழுத்தி எஞ்சினின் மூச்சை விட்டுவிட்டு உதைத்தால் என்னைப் போன்ற ஆள் உதைத்தாலும் கிளம்பும். அவருடைய பழைய பேண்டை நாலு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு, மேலே வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். கோயிலில் முன்வரிசைப் பெண்கள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர்கள் பேசினால்தான் எனக்குத் தலைவலி வரும் என்பதால் அதை ஒரு தண்டனையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் பெண்கள் மட்டும் வண்டிச் சத்தம் கேட்டதும் பழம் பறிப்பதை விட்டுவிட்டு ரோட்டோரம் வந்து நிற்பார்கள். "சாமி, உழுந்துறாத கண்ணு" என்பார்கள். ஆறு வாரத்தில் நான் விழுந்தது இரண்டே தடவை.

அவரை வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. நான் ஒவ்வொருவர் வீடாகப் போய்ச் சொல்லி வைத்தேன். அண்ணியிடம், எதிர்வீட்டில், போதகரிடம், எஸ்டேட் ஆட்களிடம், மெக்கானிக்கிடம். யாரும் அவர் முன்னால் அழக்கூடாது, இனிமேல் என்ன என்ற பேச்சே எடுக்கக்கூடாது, மூன்று மாதம் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வாயுள்ளவர்களை எல்லாம் கட்டிப்போட்டுவிட்டேன். வாயில்லாத வண்டி என் ஞாபகத்திலேயே இல்லை. ஆறு வாரமாக அன்றாடம் ஏறி இறங்கி, அது அவருடைய வண்டி என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வளைவுகளில் முதுகு குலுங்கக்கூடாது என்று வளைவு குறைந்த குப்பனூர் ரோடு வழியாக ஜீப்பில் மெதுவாக ஏற்றிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் சிரிப்பும் பேச்சுமாக வந்தார். வாசலில் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். கொட்டகைப் பக்கம் திரும்பினார். அந்த முகத்திலிருந்து சிரிப்பு போனதை நான் பார்த்தேன்.

"ஏம்புள்ள, வண்டிக்கு என்ன ஆச்சு?"

அண்ணன் ஜீப் டிரைவரிடம் எதையோ விசாரிக்கப் போய்விட்டார்.

"சீட்ட யாரு வெட்டுனது? என்ற ஷாக் அப்சார்பர் எங்க? இதுல நான் உக்காந்தா முட்டி நெஞ்சுல இடிக்குமே. எப்புடி ஓட்டுவேன்?"

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது, எத்தனையோ சாவு பார்த்தவள், பெற்றவர்களிடம் பிள்ளை போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். என் வாயிலிருந்து வந்தது இது: "நீங்க எந்திரிக்கற வரைக்கும்தானுங்க. டூட்டிக்குப் போகோணுமில்லீங்களா. அப்பறம் பழையபடி பண்ணிக்கலாம்."

அவர் முகம் தெளிந்தது. அது தெளிந்ததைப் பார்த்து எனக்கு ஆசுவாசமாக இருந்தது.

"அடுத்த மாசம் எந்திரிச்சுருவேன் புள்ள. அதுக்கு எதுக்கு வண்டியப் பாழ் பண்ணோணும்? நாளைக்கே பழையபடி பண்ணச் சொல்லு. நான் எந்திரிக்கறப்ப என்ற வண்டி எனக்கு நிக்கோணும்."

மாற்றமாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. மறுநாள் வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு பரணிலிருந்து சாக்கை இறக்கினார். சீவிய நுரையை ரப்பர் பசையால் ஒட்டி உறையைப் போட்டார், பழைய ஷாக் அப்சார்பரை மாட்டினார், வெட்டிய ஸ்டாண்டுகளில் துண்டு வைத்துப் பற்ற வைத்தார். சைடு ஸ்டாண்டில் பற்ற வைத்த இடம் முட்டி வீங்கினாற்போல் இருந்தது. வண்டி மறுபடி அவர் உயரத்துக்கு நின்றது.

அன்றிலிருந்து நான் மறுபடி பஸ்.

அவருடைய கட்டில் ஜன்னலோரம் இருந்தது. காலையில் நான் கிளம்பும் முன்பு வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி ஐந்து நிமிஷம் ஓடவிட வேண்டும். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். "ஐட்லிங் கொஞ்சம் தூக்கலா இருக்குது, கொறை" என்பார். குறைப்பேன். துணியால் துடைக்கச் சொல்வார், துடைப்பேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். ஓடுகிற வண்டி வீட்டில் நிற்கும், அதைத் துடைத்துவிட்டு நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். எங்களைவிடக் கிறுக்கான குடும்பம் அந்த மலையில் இருந்திருக்காது.

இரவில் கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகமெல்லாம் சிவக்க முயற்சி பண்ணுவார். "பெருவெரலு அசஞ்சுச்சு. பாத்தியா?" என்பார். நான் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் அசையாது. "ஆமாங்க, லேசா அசஞ்சுச்சு" என்பேன். அவர் களைத்துத் தூங்கிவிடுவார், நான் சமையலறையில் உட்கார்ந்து அழுவேன். மூன்று மாதம் நாலானது, ஐந்தானது. அண்ணன், "ஒரு சில பேருக்கு ஆறாகும்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகை மழைக் காலத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தலைச்சோலையிலிருந்து டிஸ்பென்சரிக்கு ஓர் ஆள் வந்தார். எஸ்டேட்டில் வேலை செய்பவர், தன் மருமகளுக்குத் தலைப்பிரசவம், விடிந்ததிலிருந்து வலி, பிள்ளை இறங்கவில்லை என்றார். வழியில் ஏதோ லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். திரும்பிப் போக லாரி இல்லை. காலை பஸ் போய்விட்டது. ஒண்டிக்கடையில் நின்ற இரண்டு கார்களிடம் கேட்டேன், எதுவும் அந்தப் பக்கம் போவதாக இல்லை. மெக்கானிக் வழியில் பழுதாகி நின்ற ஒரு லாரியைப் பார்க்கப் போயிருந்தார். புல்லட்டில் பின்னால் உட்கார்ந்து எனக்காகக் கால் ஊன்ற வந்த ஆளுக்கும் உயரம் போதாது. நானும் அந்த ஆளும் நடந்தோம். ரோட்டை விட்டுக் காப்பிக் காட்டுக்குள் குறுக்கே ஏறி இறங்கி, அட்டையைத் தட்டித் தட்டி எறிந்துகொண்டு, மூச்சு வாங்க ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது.

பிள்ளை பிறந்து கிடந்தது. பெண் குழந்தை. கொடி கழுத்தை இரண்டு சுற்று சுற்றியிருந்தது, அதை எடுத்துவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வாயில் ஊதினேன், நெஞ்சைத் தேய்த்தேன், தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. "பொறந்து எத்தன நேரங்க?" என்று கேட்டேன். "இப்பத்தானுங்க நர்சம்மா, நீங்க மேட்டுல வர்றப்ப" என்றார்கள். பிள்ளையைப் பெற்ற அந்தச் சின்னப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

வண்டியில் போயிருந்தால் பிழைத்திருக்கும் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. பிழைத்திருக்காது என்றும் பண்ண முடியாது. தாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க, கால் நடையா இத்தன தூரம் வந்ததே பெருசுங்க" என்று, சர்க்கரை அதிகம் போட்டு வரக்காப்பி கொடுத்தார்கள். அதைக் குடித்தேன். அவர்கள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். விளக்கு வைக்கும் நேரம். ஈரச் சேலையோடு கட்டிலருகே போய் நின்றேன்.

"கொழந்த?" என்றார்.

"போயிருச்சுங்க."

"எப்பப் போய்ச் சேந்த?"

"பன்னண்டு இருக்கும்."

"பத்து மணிக்கு வந்து கூப்புட்டாங்கன்னு எதுரூட்டுல சொன்னாங்க. ஏம்புள்ள அத்தன நேரம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நடந்துதானுங்க போனேன்! றெக்கையா இருக்குது எனக்கு? வண்டி உங்க ஒசரத்துக்கு நிக்குது, நான் என்ன பண்ணட்டும்?"

கத்திவிட்டேன். அவர் கத்தவில்லை. ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "டாக்டரு என்ன சொன்னாரு?"

"மூணு மாசம்னு, சில பேருக்கு..."

"அது அண்ணன் சொன்னது. உங்கிட்ட டாக்டரு என்ன சொன்னாருன்னு கேக்கறேன்."

அன்று வேறொரு பொய்க்கு என்னிடம் தெம்பு இல்லை. உண்மையைச் சொல்லத் தைரியம் வந்ததால் சொன்னேன் என்று எழுத ஆசைதான், ஆனால் களைப்பினால்தான் சொன்னேன். "இடுப்புக்குக் கீழ இனி வராதுங்க. நரம்பு போயிருச்சு. ஆறு மாசமானாலும் வராது, ஆறு வருசமானாலும் வராதுங்க."

"பெருவெரலு அசஞ்சுச்சுன்னியே."

"அசையலிங்க."

"ஒரு நாளுமா?"

"ஒரு நாளும் அசையலிங்க."

பிறகு, "என்னையச் செவுத்துப் பக்கம் திருப்பி உடு" என்றார். திரும்பிப் படுக்கவும் அவருக்கு நான்தான் வேண்டும். தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துச் சுவர்ப் பக்கம் புரட்டி, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்தேன். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு கொடுத்தால் சாப்பிட்டார், தண்ணீர் கொடுத்தால் குடித்தார். காலையில் நான் வண்டியைக் கிளப்பவில்லை, அவரும் கிளப்பச் சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில் எதிர்வீட்டு ஆளைக் கூப்பிட்டு, மெக்கானிக்கை வரச் சொன்னார். தன்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கொட்டகைக்குத் தூக்கிப் போகச் சொன்னார்.

மெக்கானிக் வந்தார். ஸ்பேனர் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார்.

"போன தடவ பண்ணுன மாதிரியே பண்ணிப்போடுங்க. ஆனா சீட்ட மேல மட்டும் சீவுனாப் பத்தாது. முன்னால ரெண்டு ஓரத்தையும் சீவுங்க. தொடை விரியாது, கால் இன்னும் கீழ எறங்கும்" என்றார் இவர். மெக்கானிக்குக்கு அது தோன்றியிருக்கவில்லை. சீவினார். "இன்னுங் கொஞ்சம்" என்றார் இவர். நுரைத் துகள் அவர் மடியில் பறந்து வந்து விழுந்தது, தட்டிவிட்டார். முடிந்ததும் என்னை ஏறி உட்காரச் சொன்னார். ஏறினேன். குனிந்து என் பாதங்களைப் பார்த்தார். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும். "குதிகாலும் பதியோணும். ஏத்தத்துல நின்னா நுனிக்கால் தாங்காது" என்றார். மெக்கானிக் மறுபடி உறையைப் பிரித்தார். இரண்டாவது தடவை உட்கார்ந்தபோது இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தன. மண் ஈரமாக இருந்தது.

அவர் என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"ஏம்புள்ள, நான் வந்து எறங்குன அன்னைக்கே இதச் சொல்லியிருந்தா, உன்னைய நடக்க உட்டிருப்பனா?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு சாமான்களைப் பொறுக்கினார். நான் கைப்பிடியைப் பிடித்தபடி அழுதேன். அவர் அழவில்லை. "போ, வேலையப் பாரு" என்றார்.

தலைச்சோலையில் அந்தப் பெண்ணைப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. நாலாம் நாள், குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்திருக்கும். பையை முதுகில் கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். மழை விட்டிருந்தது, வழியில் எங்கேயும் நிற்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தினேன். நர்ஸ் வேலையின் பழக்கம், போய்ச் சேர்ந்ததும் கை தானாக வாட்சைத் திருப்பும். இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.